கசியும் வரை காத்திருக்கலாமா?



இதை எழுதும்போது என் மேசைமேல் ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று கிடக்கிறது. பென்சிலைவிட மெல்லியது. மேலே கறுப்பு வண்ணம் பூசியிருக்கிறார்கள். இரு முனைகளிலும் அது புதிது போலவே பளபளக்கிறது. ஆனால் நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மட்டும் உப்பிப் பொரிந்து, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்கிறது. அங்கே ஒரு குண்டூசி முனை நுழையும் அளவுக்கு ஓட்டை. கோட்டைக்குப்பத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய காரின் பிரேக் குழாய் இது.

கோட்டைக்குப்பம் என்றதும் புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள கோட்டக்குப்பத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டு ஏரியோரம் இருக்கும் மீனவர் ஊரை. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது இந்த ஏரிதான். ஒரு பக்கம் ஏரியின் உப்புநீர். மணல்மேட்டைத் தாண்டினால் வங்கக் கடல். எந்தப் பக்கமிருந்து காற்று வீசினாலும் உப்பு வந்து சேரும் இடம்.

அங்கே எனக்குத் தெரிந்த மீன் வியாபாரி ஒருவர் இருக்கிறார். அவருடைய கார் பதினான்கு வயதானது. அவர் அதற்கு மூன்றாவது உரிமையாளர். சொந்தக் கார்தான் என்றாலும் அவசரத்துக்கு இறால் பெட்டியும் ஐஸும் பின்பக்கத்தில் ஏறிவிடும். என்னைப் பொன்னேரி வரை கொண்டுவிடுவதாகச் சொல்லி அந்தக் காரில் ஏற்றிக்கொண்டார். வழியில் நான்கைந்து ஆடுகள் குறுக்கே வந்தன. அவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். ‘டப்’ என்று ஒரு சிறு சத்தம். பெடல் ஏறக்குறையத் தரையைத் தொட்டது. வண்டி வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, சாலையோர வேலிகாத்தான் புதருக்குள் விட்டு நிறுத்தினார். ஆடுகளும் பிழைத்தன, நாங்களும் பிழைத்தோம்.

இறங்கிப் பார்த்தபோது அவர் சொன்னார்: “ரெண்டு வாரமாவே பெடல் கொஞ்சம் இறங்குச்சு சார். ஆயில் ஊத்தி ஊத்தி ஓட்டிக்கிட்டிருந்தேன். பெரிசா கசிஞ்சா பார்த்துக்கலாம்னு இருந்தேன்.”

அவர் கவனமில்லாத மனிதர் அல்லர். கடலுக்குப் போய்வந்த படகின் இஞ்சினை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் விட மாட்டார். ஆனாலும், ‘கசிந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர் நினைத்தது தவறு. அந்தத் தவறு அவர் ஒருவருடையது மட்டும் அல்ல. பட்டறைக்காரர், வண்டி வாங்குவோர், சட்டம் எழுதுவோர் என்று எல்லோரும் அதைச் செய்கிறோம். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன்.

முதலில் இந்தக் குழாய் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது குறையாமல் எல்லாத் திசையிலும் பரவும் என்ற பாஸ்கல் விதியை வகுப்பில் படித்திருப்பீர்கள். காரின் பிரேக் அந்த விதியின் நேரடி உதாரணம். உங்கள் கால் பெடலை 30 கிலோ விசையுடன் மிதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது விசையை நான்கு மடங்காக்கினால் 120 கிலோ. அந்த விசை மாஸ்டர் சிலிண்டரில் 3 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள உந்துதண்டைத் தள்ளுகிறது. வகுத்துப் பாருங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ. இப்போதைய கார்களில் பூஸ்டர் என்ற துணைக் கருவி இதை மேலும் கூட்டும். கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோதான். அதைப்போல் இருபது மடங்கு அழுத்தத்தை இந்தப் பென்சில் குழாய் தாங்குகிறது. குழாயின் வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர், சுவரின் கனம் சுமார் 0.7 மில்லிமீட்டர்.

அந்த 0.7 மில்லிமீட்டர் போதுமா? தாராளமாகப் போதும். புதுக் குழாய் தேவையைப்போல் பல மடங்கு தாங்கும். ஆபத்தும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சுவரில் பாதியைத் துரு தின்றுவிட்டாலும் பிரேக் சரியாகவே பிடிக்கும். முக்கால் பங்கு போனாலும் பிடிக்கலாம். ஓட்டுபவரின் காலுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. மிச்சமிருப்பது காகிதம் போன்ற ஒரு படலம் என்ற நிலை வரும்போதுதான் முதல் சொட்டுக் கசியும். அதாவது கசிவு என்பது நோயின் முதல் அறிகுறி அன்று, கடைசி அறிகுறி.

இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள். நிதானமாக ஓட்டும்போது பெடலை லேசாகத்தான் மிதிக்கிறோம். குழாயில் அழுத்தம் குறைவு. குழந்தை ஒன்று குறுக்கே ஓடிவரும்போதுதான் உயிரைக் கொடுத்து மிதிக்கிறோம். அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. அரித்துப்போன குழாய் எந்த நேரத்தில் வெடிக்கும் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு நல்லவேளையாக ஆடுகள்.

நாங்கள் தப்பியதற்குக் காரணம் உண்டு. இக்காலக் கார்களில் பிரேக் திரவம் இரண்டு தனித்தனிச் சுற்றுகளில் ஓடுகிறது. ஒன்று போனாலும் மற்றது இரண்டு சக்கரங்களையாவது பிடிக்கும். மிகப் பழைய கார்களில் ஒரே சுற்றுதான். ஒரு குழாய் போனால் நான்கு சக்கரமும் போயிற்று. கை பிரேக் தனி. அது கம்பி வடத்தால் இழுக்கப்படுவது, திரவத்தை நம்பி இல்லை. ஆனால் இந்த இரட்டைச் சுற்று ஒரு கெட்ட பழக்கத்தையும் வளர்த்துவிட்டது. “பாதி பிடிக்குதில்ல, மெதுவா போயிடலாம்” என்று அதே வண்டியில் பத்து நாள் சுற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உள்ளூர் வண்டியில் இருபது ஆண்டு கிடக்கும் குழாய் கடலோரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் அரிக்கிறது? ‘உப்புக் காற்று’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உப்பு இரும்பைத் தின்பதில்லை. இரும்பைத் துருவாக்குவது நீரும் ஆக்சிஜனும். உப்பு செய்யும் வேலைகள் வேறு.

மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கல்லுப்பு ஜாடியைப் பாருங்கள்; அடியில் நீர் கசிந்து நிற்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அந்த அளவுகூட வேண்டாம். சுமார் 33 விழுக்காடு போதும். நம் கடற்கரையில் காற்று அதைவிட வறண்டு போவது அரிது. ஆகவே கடலோரத்து வண்டியின் அடிப்பக்கம் மழையில்லாத சித்திரை வெயிலிலும் முழுக்க உலர்வதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று எப்போதும் அதன்மேல் இருக்கிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சி என்பதால், கடத்தும் நீர் கிடைத்தால் வேலை விரைவாகிறது. போதாக்குறைக்குக் குளோரைடு அயனிகள் இரும்பின்மேல் உண்டாகும் காப்புப் படலத்தையும் உடைத்துவிடுகின்றன.

நம் மாநிலத்திலேயே இதை ஆராய ஓர் இடம் உண்டு. 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து, அவை எவ்வளவு அரிக்கின்றன என்று அளந்துவந்திருக்கிறது. இந்தியா முழுமைக்கும் துருப்பிடிப்பு வரைபடமும் தயாரித்தது. அந்த நிலையத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள்.

என் மேசைமேல் உள்ள குழாய்க்கு வருகிறேன். நடுவில் மட்டும் ஏன் அரித்தது? அந்த இடத்தில்தான் குழாயை வண்டியின் அடியோடு பிடித்துவைக்கும் கிளிப் இருந்தது. கிளிப்புக்கு அடியில் உப்பும் மண்ணும் சேரும், கழுவினாலும் போகாது. அங்கே ஆக்சிஜன் குறைவாகத்தான் புகும். ஆக்சிஜன் குறைந்த இடம் நேர்மின்வாயாகவும், காற்றுப் படும் பக்கத்து இடம் எதிர்மின்வாயாகவும் மாறுகின்றன. இரும்பு கரைவது நேர்மின்வாயில்தான். இதனால் கண்ணுக்குத் தெரியும் பகுதி நன்றாக இருக்க, மறைந்த பகுதி செத்துப்போகிறது. டார்ச் அடித்து மேலோட்டமாகப் பார்த்துவிட்டு “பைப் நல்லாயிருக்கு” என்று சொல்லும் பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவான்ஸ் என்ற அறிஞர் 1920-களில் செய்து காட்டிய சோதனை இது. ஓர் இரும்புத் தகட்டை மணல் தாளால் நன்றாகத் தேயுங்கள். உப்புநீரில் சிறிது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசலும் சில துளி ஃபினால்ஃப்தலீனும் கலந்து, தகட்டின்மேல் ஒரே ஒரு பெரிய சொட்டு வையுங்கள். வேதியியல் ஆசிரியர் உடனிருக்க வேண்டும். பக்கத்தில் அமிலம் எதுவும் வேண்டாம். சற்று நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமாகும். இரும்பு கரைந்து அயனியாகிறது என்று பொருள். விளிம்பு இளஞ்சிவப்பாகும், அங்கே ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை வாங்கி ஹைட்ராக்சைடு அயனிகளை உண்டாக்குகிறது. நீண்ட நேரம் விட்டால் இரண்டுக்கும் நடுவே பழுப்பு வளையமாகத் துரு படியும். துரு தெரியும் இடம் வேறு, இரும்பு கரையும் இடம் வேறு! இதை ஒருமுறை பார்த்தவர் கிளிப்பைக் கழற்றாமல் குழாயைச் சோதிக்க மாட்டார்.

உள்ளிருந்தும் அரிப்பு வரும். ‘பிரேக் ஆயில்’ என்று நாம் சொல்வது எண்ணெயே அன்று. கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். (பெயரை நம்பி இஞ்சின் ஆயிலை ஊற்றியவர்களும் உண்டு. உள்ளேயிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப்போய் மொத்த பிரேக்கும் கெடும்.) இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ‘டாட் 3’ வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரி. பிரேக் சூடாகித் திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும், பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றச் சொல்வது கம்பெனிக்காரர் விற்பனைத் தந்திரம் அன்று.

இனி, கசிந்த குழாயை நம் ஊர்களில் என்ன செய்கிறார்கள்? கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு ரப்பர் குழாயைச் செருகிக் கம்பியால் கட்டுவார்கள். ஓட்டையின்மேல் பற்றவைப்பார்கள். இரண்டு களிம்பைப் பிசைந்து அப்புவார்கள். எதுவும் முடியாவிட்டால் குழாயைச் சுத்தியலால் நசுக்கி அந்தச் சக்கரத்தையே அடைத்துவிடுவார்கள்; வண்டி பிரேக் போட்டால் ஒரு பக்கமாக இழுக்கும். ஆபத்தில் கைகொடுக்கும் நம் பட்டறைக்காரர்களின் கைத்திறன்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் சொல்கிறேன்: பிரேக் குழாயில் ஒட்டுப்போடுவது பழுதுபார்த்தல் ஆகாது. ஓரிடத்தில் ஓட்டை விழுந்த குழாய், அதே வயது, அதே உப்பு, அதே கிளிப்புகளோடு மற்ற இடங்களிலும் ஓட்டைக்குக் காத்திருக்கிறது. ஒட்டுப்போட்ட இடம் தாங்கினால் அடுத்த இடம் போகும். முழு நீளத்தையும், இணைப்பிலிருந்து இணைப்பு வரை, மாற்றுவதே சரி. முனையை இரட்டை மடிப்பாக விரித்து நட்டால் இறுக்கி, புதுத் திரவம் ஊற்றி, உள்ளே புகுந்த காற்றை ஒவ்வொரு சக்கரத்திலும் எடுத்துவிட வேண்டும்.

“சொல்வது எளிது சார், குழாய் மாற்ற ஒரு நாள் வண்டி நிற்கும், அன்றைய பிழைப்பு போகும்” என்று அந்த நண்பர் சொன்னார். நியாயம்தான். ஆனால் கணக்குப் பார்த்தால் செலவில் பெரும்பகுதி கூலி. குழாயின் விலை சிறுபகுதி. ஆகவே ஒருமுறை மாற்றும்போதே அரிக்காத குழாயைப் போடுவது சிக்கனம். அப்படி ஒன்று உண்டா? உண்டு. 90 பங்கு செம்பும் 10 பங்கு நிக்கலும், சிறிதளவு இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த உலோகக் கலவை. கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்குப் பயன்படுவது இதுவே. ஸ்வீடனின் வால்வோ கம்பெனி 1970-களிலேயே தன் கார்களின் பிரேக் குழாய்க்கு இதை எடுத்துக்கொண்டது. வெறும் செம்புக் குழாய் உதவாது; அதிர்ச்சியில் நாளடைவில் இறுகி விரிசல் விடும். கலவைக்கும் தனி உலோகத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நன்றாக விளக்கும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இது நம் கடற்கரையின் சிக்கல் மட்டும் அன்று. பனி உருக சாலையில் உப்புக் கொட்டும் நாடுகளிலும் இதே கதை. அமெரிக்காவில் 1999 முதல் 2003 வரை வெளிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பிரேக் குழாய்கள் துருப்பிடித்து வெடிப்பதாக முறையீடுகள் குவிந்தன. ஏறத்தாழ 50 லட்சம் வண்டிகள் பற்றிய அந்த விசாரணையை அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல் முடித்தது. வண்டிகளைத் திரும்ப அழைக்க ஆணையிடவில்லை. பழைய வண்டிகளில் இத்தகைய அரிப்பு எதிர்பார்க்க வேண்டியதே. அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், குழாய்களைச் சோதியுங்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுரை கூறியது. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. உரிமையாளர் கழுவ வேண்டும், சோதிக்க வேண்டும் என்பது உண்மை. உப்பு விழும் இடத்தில் ஓடப்போகிறது என்று தெரிந்தே செய்யப்படும் வண்டிக்கு, உப்பைத் தாங்கும் குழாயைப் போட வேண்டியது செய்பவர் பொறுப்பு இல்லையா?

நம் சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வாடகை வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் தகுதிச் சான்று உண்டு. எட்டு ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். சொந்தக் காரைப் பதினைந்து ஆண்டு வரை யாரும் குனிந்து பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. நண்பரின் கார் பதினான்காம் ஆண்டில் இருந்தது. பிரிட்டனில் 1960-இல் தொடங்கிய ஆண்டுச் சோதனை, இன்று மூன்று வயது தாண்டிய கார்களுக்கு உண்டு. சோதிப்பவர் அடியில் நின்று பிரேக் குழாயில் துரு இருக்கிறதா என்றும் பார்க்கிறார். கோயம்புத்தூர்க் காரையும் கோட்டைக்குப்பத்துக் காரையும் ஒரே தட்டில் வைத்து 15 ஆண்டு என்று விதிப்பது அறிவியலுக்குப் பொருந்தாது. கடலோர வட்டங்களிலாவது ஏழெட்டு வயது தாண்டிய சொந்தக் கார்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அடிப்பக்கச் சோதனை வேண்டும் என்பது என் கருத்து.

அந்தச் சோதனையும் எப்படிப்பட்டது என்பது முக்கியம். உருளைமேல் சக்கரத்தை வைத்து பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. நல்லவைதான். ஆனால் அவை இன்று எவ்வளவு பிடிக்கிறது என்றுதான் சொல்லும். குழாயின் சுவர் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. ஆடுகள் வருவதற்கு முந்திய மாதம் அந்தக் கார் அந்த உருளையில் தேர்வு பெற்றிருக்கும் என்றே நினைக்கிறேன். மனிதன் ஒருவன் கிளிப்பைக் கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, கண்ணால் பார்ப்பதற்கு இன்னும் மாற்று இல்லை.

சட்டம் மாறும் வரை? பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். முறை வந்த நாளை யாரும் மறக்க மாட்டார்கள். “உங்கள் காருக்கும் ஒரு பாடு வையுங்களேன், மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒரு நாள் அடிப்பக்கம் பார்ப்பது என்று” என்றேன். நண்பர் சிரித்தார். “படகுக்குத் தண்ணி ஊத்துறப்பவே இதுக்கும் ஊத்தியிருக்கலாம் சார்” என்றார். இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை. இறால் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் நீர் வண்டிக்குள் இறங்காமல் ஒரு தட்டு வைப்பதாகவும் சொன்னார்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய கார் இருந்தால் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வண்டிக்கு அடியில் மட்டும் போகாதீர்கள்; ஜாக்கியை நம்பி நுழைந்து உயிரிழந்தவர்கள் பலர். முன்மூடியைத் திறக்கச் சொல்லி, பிரேக் திரவப் புட்டியில் மேல்கோடு, கீழ்கோடு இரண்டுக்கும் நடுவே திரவம் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். பிரேக் பட்டைகள் தேயத் தேய அது மிக மெதுவாக இறங்கும். மளமளவென்று இறங்கினால் கசிவு. சக்கரத்தின் உட்புறத்தில் ஈரமோ, வண்டி நின்ற இடத்தில் சொட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் திரவம் வண்ணப்பூச்சைக் கரைக்கும். காரணமில்லாமல் பெயிண்ட் உரிந்திருந்தால் அதுவும் ஒரு தடயம். கண்ணில், கையில் படவிடாதீர்கள். வண்டி நிற்கும்போது, இஞ்சினை ஓடவிட்டு, ஓட்டுபவரை பெடலை அரை நிமிடம் ஒரே சீராக மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக்கொண்டே போனால், அந்த வண்டி பட்டறைக்குப் போவதுகூட இன்னொரு வண்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.